சீக்கிய நெறிப் பள்ளியில் நம் பிள்ளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு லண்டனில் செப்டம்பர் பிறந்துவிட்டால், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோரிடம் ஒரே பேச்சுதான்: தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பான இயர் 6 பிள்ளையை எந்த செகண்டரியில் போடுவது? என் மகன் பதினொரு வயதிலிருந்து பதினெட்டு வரை, சீக்கிய நெறியில் நடக்கும் ஓர் அரசுப் பள்ளியில் படித்தான். அதனால் வருடா வருடம் அதே கேள்விகள் என்னிடம் வருகின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் ஓய்ந்துபோனதால் எழுதியே வைத்துவிட்டேன். குறைகளும் எழுதப்போவதால் அவன் படித்த பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை.

அது தனியார் பள்ளியா? எவ்வளவு கட்டணம்?

கட்டணமே கிடையாது. நான் சொல்வது அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளை. இந்த வரிசையில் மூத்தது ஹேய்ஸில் இருக்கும் குரு நானக் பள்ளி. 1993-ல் தனியார் பள்ளியாகத் தொடங்கி, 1999-ல் அரசு நிதிக்குள் வந்தது. இந்த நாட்டில் அப்படி வந்த முதல் சீக்கியப் பள்ளி அதுதான். இப்போது அதன் பெயர் குரு நானக் சீக்கிய அகாடமி. பிறகு, அமைப்புகளே தொடங்கி அரசு நிதியில் நடத்தும் ஃப்ரீ ஸ்கூல் என்ற ஏற்பாடு வந்ததும் இன்னும் சில முளைத்தன. பர்மிங்காமில் நிஷ்காம் ஹை ஸ்கூல் 2012-ல், நிஷ்காம் ஸ்கூல் வெஸ்ட் லண்டன் 2013-ல். கவென்ட்ரியில் சேவா ஸ்கூல், வுல்வர்ஹாம்ப்டனில் கால்சா அகாடமி. இல்ஃபோர்டு பக்கம் இருப்பவர்களுக்கு ரெட்பிரிட்ஜில் ஆதம் அகாடமி. கைக்காசு போவது யூனிஃபார்முக்கும் சுற்றுலாக்களுக்கும்தான். யூனிஃபார்ம் கொஞ்சம் கடிக்கும்; பிளேசரை ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடுங்கள்.

நாங்கள் சீக்கியர் இல்லையே. இடம் தருவார்களா?

தருவார்கள். ஃப்ரீ ஸ்கூலாகத் தொடங்கிய மதநெறிப் பள்ளிகளுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள்: விண்ணப்பம் எவ்வளவு குவிந்தாலும் பாதி இடத்துக்கு மேல் மத அடிப்படையில் கொடுக்கக் கூடாது. மீதிப் பாதி அண்ணன் அக்கா அங்கே படிப்பவர்களுக்கும், பக்கத்தில் வீடு உள்ளவர்களுக்கும் போகும். பழைய வகைப் பள்ளிகளில் விதி வேறு. சீக்கியப் பிள்ளைகளுக்கு முழு முன்னுரிமை இருக்கலாம். ஆனால் இடம் காலியாக இருந்தால், மதத்தைக் காட்டி உங்கள் பிள்ளையைத் திருப்பி அனுப்ப எந்த அரசுப் பள்ளியாலும் முடியாது. அந்தந்தப் பள்ளியின் சேர்க்கை விதி நான்கைந்து பக்கம்தான் இருக்கும். தெரிந்தவர் சொன்னதை நம்பாமல் அதைப் படியுங்கள். என் மகன் வகுப்பில் குஜராத்திப் பிள்ளைகள், சோமாலிப் பிள்ளைகள், ஒரு போலந்துப் பையன் எல்லாம் இருந்தார்கள்.

சீக்கியர்களுக்கென்று தனியாக ஒரு பள்ளி எதற்கு? எல்லோரோடும் படிக்கக் கூடாதா?

நானும் இதைக் கேட்டவன்தான், கொஞ்சம் முகம் சுளித்தே. பதில் ஒரு தலைப்பாகைக்குள் இருக்கிறது.

1967-ல் வுல்வர்ஹாம்ப்டனில் தார்சேம் சிங் சாந்து என்ற பஸ் ஓட்டுநர் தலைப்பாகையும் தாடியுமாக வேலைக்கு வந்தார். சீருடை விதிப்படி அது கூடாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊர்வலம், மனு, மிரட்டல் என்று இழுத்து 1969 ஏப்ரலில்தான் அந்தத் தடை விலகியது. அடுத்த சண்டை பள்ளி வாசலில். பர்மிங்காமில் ஒரு தனியார் பள்ளி, முடியை வெட்டித் தலைப்பாகையைக் கழற்றினால்தான் இடம் என்று ஒரு சீக்கியச் சிறுவனைத் திருப்பி அனுப்பியது. வழக்கு போட்ட தந்தை அப்பீல் கோர்ட்டில் தோற்றார். அப்போது இருந்தது 1976-ம் வருட இன உறவுச் சட்டம். அது இனத்துக்குத்தான் பாதுகாப்பு தந்தது, மதத்துக்கு இல்லை. சீக்கியர் என்பது மதம்தானே என்பது எதிர்த்தரப்பு வாதம். 1983-ல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ், பொதுவான நீண்ட வரலாறும் பண்பாடும் உள்ள சீக்கியர்கள் ஓர் இனக்குழுவும்தான் என்று தீர்ப்புச் சொன்னது. மண்ட்லா எதிர் டவுல்-லீ என்று இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு இது. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2008-ல்கூட வேல்ஸில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, கையில் போட்டிருந்த எஃகு வளையலுக்காக, அதுதான் கடா, உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அவள் ஜெயித்தாள்.

சரி, வரலாறு இருக்கட்டும். நான் புரிந்துகொண்டது ஒரு விளையாட்டு தினத்தில். ரிலே ஓடி முடித்த பையன் ஒருவன், தலையில் சின்னதாக இறுக்கிக் கட்டும் பாட்காவோடு நின்றான். பரிசு வாங்கப் போகும்போது முழுத் தலைப்பாகை வேண்டும் என்று பையிலிருந்து நீலத் துணியை எடுத்தான். ஐந்து மீட்டராவது இருக்கும். ஒரு முனையை என் மகன் பிடித்துக்கொண்டான். நம் வீட்டில் துவைத்த புடவையை இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்து மடிப்போமே, அப்படியே. நீளவாக்கில் மடித்து, உதறி, மறுபடி மடித்து, அகலம் நான்கு விரலுக்கு வந்ததும் அவன் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தான். அதற்குப் பஞ்சாபியில் பூணி என்று பெயராம். மைதானத்தில் அவ்வளவு பேர் இருந்தும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் திரும்பிப் பார்க்காமைக்குத்தான் இந்தப் பள்ளி என்று அன்றைக்குத் தோன்றியது.

பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்களோ?

ஏழு வருடத்தில் யாரும் முயன்றதில்லை. காலை அசெம்ப்ளியில் சில நிமிடம் 'வாஹேகுரு' என்று இறைநாமம் சொல்லும் சிம்ரன் ஓதுவார்கள். மற்றப் பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்தால் போதும். மதப் பாடத்தில் மற்ற மதங்களும் உண்டு. பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வில் மதக்கல்வியை முழுப் பாடமாக எடுத்தால் இரண்டு மதங்கள் படித்தே ஆக வேண்டும். அவர்கள் வணங்கும் குரு கிரந்த சாஹிப்பிலேயே கபீரும் நாமதேவரும் ரவிதாசரும் ஷேக் ஃபரீதும் இருக்கிறார்கள். அடுத்த மதத்துக்காரர் பாட்டை நூலுக்குள் வைத்துக் கும்பிடுகிறவர்கள்.

அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், பிள்ளையை மதப் பாடத்திலிருந்தும் கூட்டு வழிபாட்டிலிருந்தும் விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஒரு கடிதம் போதும். வழிபாட்டைப் பொறுத்தவரை, பதினாறு வயதுக்கு மேல் படிக்கும் சிக்ஸ்த் ஃபார்ம் போனபின் அந்த முடிவு பிள்ளையுடையது.

தலையை மூட வேண்டுமா? முடி வெட்டலாமா?

பிரார்த்தனை அறைக்குள் போகும்போது எல்லோரும் செருப்பைக் கழற்றி, தலையில் ஒரு கைக்குட்டை கட்ட வேண்டும். கோயிலுக்குப் போய்ப் பழகிய பிள்ளைக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். மற்ற நேரம் சீக்கியர் அல்லாதவர் முடியை எப்படி வைத்தாலும் கேள்வி இல்லை, பள்ளிகளுக்கே உரிய 'விசித்திரக் கட்டிங் கூடாது' விதி தவிர.

இயர் 8 கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்ப் பழனியில் இவனுக்கு மொட்டை போட்டுவிட்டோம். வேண்டுதல். முடியே வெட்டாதவர்கள் நடுவில் மொட்டைத் தலையோடு போகப்போகிறானே என்று எனக்கு உள்ளூர உதறல். முதல் நாள் போய் வந்து சொன்னான்: ஹர்ஜிந்தரோ யாரோ ஒரு கூட்டாளி தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீ கடவுளுக்குக் கொடுத்துட்ட, நாங்க கடவுளுக்காக வச்சிருக்கோம்" என்றானாம். அப்புறம் ஒரு வாரம் ஆளாளுக்குத் தலையைத் தட்டியதுதான் மிச்சம்.

கத்தி வைத்திருப்பார்களாமே?

கிர்பானைக் கேட்கிறீர்கள். 1699 வைசாகித் திருநாளில் குரு கோவிந்த் சிங் ஆனந்த்பூரில், தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சாவைத் தொடங்கியதிலிருந்து வருவது. வெட்டாத முடி, சீப்பு, எஃகுக் கடா, கச்சேரா என்ற உள்ளாடை, கிர்பான்: ஐந்து அடையாளங்கள். அமிர்தம் பருகித் தீட்சை பெற்றவர்கள்தான் ஐந்தையும் அணிவார்கள். பள்ளிப் பிள்ளைகளில் அவர்கள் கொஞ்சம் பேர். பள்ளி வளாகத்தில் கூர்மையான பொருள் குற்றம் என்று சொல்லும் 1988 சட்டமே மதக் காரணத்துக்கு விலக்கும் தருகிறது. பள்ளிகள் தம் பங்குக்கு, சின்னதாக, உறையோடு, சட்டைக்கு உள்ளே என்று விதி வைக்கின்றன. ஏழு வருடத்தில் ஒருமுறைகூட வெளியே எடுத்துப் பார்த்ததில்லை என்கிறான் மகன். ஜியோமெட்ரி பெட்டியில் இருந்த காம்பஸ் முனையால் குத்துப்பட்டிருக்கிறான். அது வேறு கதை.

சாப்பாடு?

சைவம். வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்தாலும் சைவம்தான். முட்டை சேரலாமா என்று மட்டும் அந்தந்தப் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் மாதம் சிக்கன் இல்லையா என்று முகத்தைத் தூக்கினான். தீபாவளிக்குள் ராஜ்மாவுக்கு அடிமையாகிவிட்டான்.

சாப்பாட்டில் முக்கியம் லங்கர் என்ற பொதுப் பந்தி நாட்கள். குர்புரப் என்று சொல்லும் சீக்கிய குருமார்களின் நாளில் எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து ஒரே பருப்பைச் சாப்பிடுவார்கள். தலைமையாசிரியரும் கூட்டிப் பெருக்குபவரும் அதே வரிசையில். அந்த வரிசைக்குப் பங்கத் என்று பெயர். நம் 'பந்தி'யும் அதுவும் ஒரே வடசொல்லிலிருந்து வந்த அக்கா தங்கைகள். ஆனால் நம் பந்தியில் பரிமாறுகிறவர் வேறு, சாப்பிடுகிறவர் வேறு. இங்கே பிள்ளைகள் முறைவைத்துப் பரிமாறுகிறார்கள், ரொட்டியை இரண்டு கையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும், முடிந்ததும் தட்டும் அவர்களே கழுவுகிறார்கள். வீட்டில் குடித்த டம்ளரை எடுத்து வைக்காதவன், அங்கே முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு எண்பது தட்டு தேய்த்தேன் என்று பெருமையாக வந்து சொன்னான். வீட்டு டம்ளர் என்னவோ அப்படியேதான் கிடந்தது.

பஞ்சாபி கட்டாயமா? தமிழ் மறந்துவிடாதா?

கீழ் வகுப்புகளில் எல்லோருக்கும் பஞ்சாபி கொஞ்சம் சொல்லித் தருவது பல இடங்களில் உண்டு. பிறகு பிரெஞ்சோ ஸ்பானிஷோ எடுக்கலாம். என் மகன் குர்முகி எழுத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டான். அதில் சிஹாரி என்று ஓர் உயிர்க்குறி, எழுத்துக்கு முன்னால் எழுதிப் பின்னால் ஒலிப்பது. மற்றப் பிள்ளைகள் தடுமாறியபோது, எங்கள் கொம்பு மாதிரிதானே, 'கெ' எழுதுவது போல என்று இவனுக்குச் சுலபமாகிவிட்டது. தமிழ் மறப்பது பள்ளியால் இல்லை. நாம் வீட்டில் பேசாததால்.

பெண் பிள்ளைகளுக்கு எப்படி?

இருபாலர் பள்ளிதான். தபலா வாசிப்பதிலும் கத்கா என்ற சிலம்பம் போன்ற ஆட்டத்திலும் பெண்கள் சரிசமமாக நிற்கிறார்கள். தலைப்பாகை கட்டும் பெண்களும் உண்டு. ஆணுக்கு சிங், பெண்ணுக்குக் கௌர் என்று பெயர் முடிவதால் ஒரே வீட்டு அண்ணனுக்கும் தங்கைக்கும் கடைசிப் பெயர் வேறாக இருக்கலாம். அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டுவிட்டு, பள்ளி அலுவலகம் என்னை என் அப்பா பெயர் சொல்லி அழைப்பதைக் கேட்டுக் குழம்பிய எனக்கு, அந்த அலுவலகத்தில் முதல்முறையாக ஒருவர் "புரிகிறது, எங்களுக்கும் அப்படித்தான்" என்றார்.

ரிசல்ட் எல்லாம் எப்படி? வெப்சைட்டில் எல்லாப் பள்ளியும் நன்றாகத்தான் போடுகிறது.

போடத்தான் செய்யும். ரிசல்ட் வரும் ஆகஸ்டில் காற்றில் குதிக்கும் பிள்ளைகளின் படத்தை விட்டுவிடுங்கள். அரசு வெளியிடும் பள்ளி ஒப்பீட்டுப் பக்கத்தில் இரண்டு எண்களைப் பாருங்கள்.

ஒன்று அட்டெய்ன்மென்ட் 8. எட்டுப் பாடங்களின் கிரேடைக் கூட்டுவது. ஆங்கிலமும் கணக்கும் இரண்டு மடங்கு. கிரேடு 1 முதல் 9 வரை என்பதால் உச்சம் 90. இது நல்ல பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளியில் தானாகவே உயரும். ஆகவே எனக்குப் பிடித்தது இரண்டாவது, ப்ரோக்ரஸ் 8: இயர் 6 தேர்வில் அதே நிலையில் இருந்த நாடு முழுவதுமுள்ள பிள்ளைகளோடு ஒப்பிட்டால், இந்தப் பள்ளி எவ்வளவு தூரம் கொண்டுவந்தது என்பது. பூஜ்யம் என்றால் சராசரி. கூட்டல் 1 என்றால் பாடத்துக்கு ஒரு கிரேடு அதிகம். அது பெரிய விஷயம். 2025-க்கும் 2026-க்கும் இந்த எண்ணைத் தேடாதீர்கள்: கொரோனாவால் 2020, 2021-ல் இயர் 6 தேர்வே நடக்கவில்லை, ஒப்பிட அடித்தளம் இல்லை.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. வீட்டில் பஞ்சாபி பேசும் பிள்ளைகள் ஜிசிஎஸ்இ பஞ்சாபியில் சுலபமாக 8, 9 வாங்குவார்கள். அதில் தப்பே இல்லை, உழைப்பும் இருக்கிறது. ஆனால் பள்ளி சராசரி அதனால் கொஞ்சம் உயரும். அந்த லாபம் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்காது. கணக்கு, ஆங்கிலம் இரண்டிலும் 5-ம் அதற்கு மேலும் எத்தனை சதவீதம் என்று தனியாகப் பாருங்கள்.

ஆஃப்ஸ்டெட் அறிக்கையை நம்பலாமா?

பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பு அது. அறிக்கையை முழுதாகப் படித்தால் நம்பலாம். ஒட்டுமொத்தமாக ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லும் முறை 2024 செப்டம்பரில் போய்விட்டது. 2025 நவம்பர் முதல் ஒவ்வொரு அம்சத்துக்கும் தனித் தரம் போட்ட அறிக்கை அட்டை. மதநெறிப் பள்ளிகளில் வழிபாட்டையும் மதக்கல்வியையும் பார்க்க வேறு ஓர் ஆய்வு தனியாக உண்டு. அந்த அறிக்கையையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பள்ளியின் குணம் அதில்தான் தெரியும்.

படிப்பைத் தவிர என்ன சாதிக்கிறார்கள்?

கோப்பைகள் உண்டு: கபடி, கிரிக்கெட், விவாதப் போட்டி, கீர்த்தன் மேடை. எனக்குப் பெரிதாகப் பட்டது டியூக் ஆஃப் எடின்பரோ விருது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி. தொண்டு, உடற்பயிற்சி, திறமை, அப்புறம் கூடாரம் தூக்கிக்கொண்டு காட்டுப் பயணம். மற்ற பள்ளிகளில் தொண்டுக்கு இடம் தேடி அலைவார்கள். இங்கே சேவை என்பது ஏற்கெனவே வாராந்தரப் பழக்கம். சௌத்தால் ஹேவ்லாக் ரோடு குருத்வாராவைப் போல எந்நேரமும் அடுப்பெரியும் சமையலறைகள் பக்கத்தில் இருக்கும்போது தொண்டுக்கு என்ன பஞ்சம்? என் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வெங்காயம் நறுக்கியே வெண்கலம் வாங்கினான். கண்ணீர் சிந்தி வாங்கிய விருது என்று நாங்கள் இன்னும் கிண்டல் செய்வோம்.

குறை ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. இயர் 9-ல் இரண்டு டேர்ம் கணக்குக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. வாரத்துக்கு ஒரு தற்காலிக சப்ளை ஆசிரியர், ஒரே அல்ஜீப்ராவை நான்கு முறை ஆரம்பித்தார்கள். புகார் செய்த மின்னஞ்சலுக்குப் பதினெட்டு நாள் கழித்து, நன்றி சொல்லிப் பதில் வந்தது. சிக்ஸ்த் ஃபார்ம் சின்னது. என் மகள் அங்கே எடுக்க நினைத்த கணினி அறிவியலுக்கு ஆள் சேரவில்லை என்று பாடத்தையே நடத்தவில்லை, அவளை வேறு இடத்தில் சேர்த்தோம். இன்னொன்று: விளையாட்டு மைதானத்தில் பேச்சு சட்டென்று பஞ்சாபிக்கு மாறிவிடும். வெறுப்பில் இல்லை, பழக்கத்தில். முதல் வருடம் என் மகன் சிரிப்புகளுக்கு அரை நொடி பிந்தித்தான் சிரித்தான். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை என்றால் இதை யோசியுங்கள்.

நம் பண்டிகைக்கு விடுமுறை உண்டா?

வைசாகியும் நம் சித்திரை முதல் நாளும் ஒட்டியே வரும், பெரும்பாலும் ஈஸ்டர் விடுமுறையில் விழும். தீபாவளி அவர்களுக்கும் பண்டிகை, காரணம் வேறு: ஆறாவது குரு ஹர்கோவிந்த் குவாலியர் கோட்டைச் சிறையிலிருந்து 52 அரசர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்த நாள். பொங்கலுக்கு லீவு கிடையாது. சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினால் அவர்கள் கோதுமை அல்வாவான கடாஹ் பிரசாதத்தின் தம்பி என்று சொல்லிச் சாப்பிட்டுவிடுவார்கள்.

ஓப்பன் டேயில் எதைப் பார்ப்பது?

ஆய்வகத்தை எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள் சாதாரண நாளில் ஒருமுறை, மதிய உணவு முடிகிற நேரத்துக்கு அனுமதி கேட்டுப் போங்கள். மேசையை யார் துடைக்கிறார்கள், துடைக்கச் சொல்ல ஆசிரியர் எத்தனை முறை கத்த வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு டர்பன் பையனையும் ஒரு டர்பன் இல்லாத பையனையும் தனித்தனியாக நிறுத்தி, இங்கே பிடிக்காதது என்ன என்று கேளுங்கள்.

படிவம் எப்போது?

அக்டோபர் 31-க்குள் கவுன்சில் தளத்தில் விண்ணப்பம். லண்டனில் ஆறு பள்ளிகள் வரை வரிசைப்படுத்தலாம். பதில் மார்ச் 1-ம் தேதி. மதநெறிப் பள்ளிக்கு அதுபோக ஒரு துணைப் படிவம் உண்டு. அது கவுன்சிலுக்கு இல்லை, நேராகப் பள்ளிக்குப் போக வேண்டும். சீக்கியர் அல்லாதவர் அதை நிரப்ப வேண்டுமா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும், போன் செய்து கேளுங்கள். நாங்கள் கடைசி நாள் மாலை நாலே காலுக்கு, மழையில், அலுவலக ஜன்னலில் நேரில் கொடுத்து ரசீது வாங்கினோம்.